பதினான்காவது விளக்கு

அத்தியாயம் எட்டு

நெல்லியடி அணைந்தது.

"நித்திரைக்குப் போயிட்டுது," என்றான் றிஸ்வான்.

அடுத்தது அச்சுவேலி. அதற்குப் பிறகு புத்தூர். சுவரில் மாட்டியிருந்த பலகையில் இருபத்தொரு சின்னப் பச்சை விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஊரும் ஒரு பேரும். யாரோ ஊதி அணைப்பதுபோல் ஒன்றொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கோண்டாவில் போனது. பாசையூர் போனது. குருநகர் லூர்த்தம்மா போனாள்.

"றிஸ்வான், கதவைத் திற! கெதியாப் போடா!"

ஸ்ரெல்லா அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. ஓடினான். வழியில் நண்டுப் பெட்டிகள். எல்லாவற்றையும் தாண்டி, கடைசிப் பெட்டியில் கால் தடக்கி விழுந்து, எழும்பிப் பொத்தானை அமத்தியபோது சோனகதெருவும் அணைந்துவிட்டது. கதவு அசையவில்லை. மரியாதையாக இன்னொரு தரம் அமத்திப் பார்த்தான்.

"அக்கா, கதவுக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போல."

"உன்னை ஆருக்குப் பிடிக்கும்? தள்ளு," என்று ஸ்ரெல்லா வந்து அமத்தினாள். அவளையும் கதவுக்குப் பிடிக்கவில்லை.

இடம், குருநகர்க் கரையில் வெள்ளிக்கடல் மீனவர் சங்கத்தின் குளிர் அறை. உள்ளே இருந்தவர்கள் மூன்று சாதி. ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அடுக்கிய பாரையும் நண்டும். கஸ்தூரியார் வீதியில் புடவைக்கடை மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஸ்ரெல்லா. அவளிடம் சம்பளத்துக்கும் ஏச்சுக்கும் வேலை செய்யும் றிஸ்வான். இவர்களில் அந்தக் குளிருக்குப் பழகியவை மீன்கள் மட்டும்தான். அவையும் செத்த பிறகுதான் பழகின.

கதவில் உள்பக்கமாகத் திறக்கும் பிடி ஒன்று முன்பு இருந்தது. போன மாதம் நண்டு களவு போனதும், கள்ளன் உள்ளே ஒளிந்திருந்து திறந்துகொண்டு போயிருப்பான் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுப் பிடியைக் கழற்றிவிட்டார்கள். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத் தீர்மானம் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இப்போது அந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் மிச்சம்.

கைத்தொலைபேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான் றிஸ்வான். இரும்புச் சுவருக்குள் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை.

"பலகையை எண்ணு," என்றாள் ஸ்ரெல்லா.

எண்ணினான். "பதிமூண்டு."

"கதவுக்கு எத்தினை வேணும்?"

"பதினாலு." சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு உறைத்தது. கடைசியாய் அணைந்த விளக்கின் கீழே எழுதியிருந்ததை வாசித்தான். சோனகதெரு, றஹ்மத்தும்மா. "அல்லாஹ்வே! அக்கா, பூட்டினது என்ரை உம்மா!"

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் சொல்லாவிட்டால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

முன்பு இந்தச் சங்கத்தில் யார் எவ்வளவு மீன் இறக்கினார், குளிர் அறையை யார் திறந்தார் என்பதெல்லாம் தலைவர் சொன்னால் சொன்னதுதான். டினேஸ் என்ற பொறியியலாளப் பொடியன் வந்து 'கரைவலை' என்று ஒரு கணினி வலையமைப்பைக் கட்டிக் கொடுத்தான். அரை றாத்தல் பாண் ரொட்டி அளவில் சின்னப் பெட்டிகள், அவற்றுக்குச் சாட்சிப் பெட்டி என்று பெயர். எது நடந்தாலும் பெட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு 'ஓம்' சொன்னால்தான் நடந்ததாகக் கணக்கு. குளிர் அறைக் கதவும் அப்படித்தான் திறக்கும். முதலில் ஏழே ஏழு பெட்டிகள், ஏழும் சங்கக் கட்டடத்திலேயே ஜெனரேட்டரோடு இருந்தன. ஒரு நாளும் நின்றதில்லை. ஆனால் சனம் கேட்டது: ஏழும் ஒரே கூரைக்குக் கீழே என்றால் சாட்சி ஏழென்ன, எழுபதென்ன? சாவி ஒருவர் மடியில்தானே?

நியாயமான கேள்விதான். அதனால் வலையை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பிடிக்கிறவர், விற்கிறவர், வாங்கித் தின்கிறவர், எவரும் வீட்டில் ஒரு பெட்டி வைக்கலாம். மெல்ல மெல்லப் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். றிஸ்வானின் தாயும் சேர்ந்தாள். மீன் வாங்குகிறவளும் சாட்சி சொல்லலாம் என்றது அவளுக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. பெட்டிக்குக் குறோசேத் துணியெல்லாம் பின்னிப் போட்டிருந்தாள்.

பிறகுதான் வில்லங்கம். அந்தப் பதினான்கில் சில வீடுகளே இல்லை என்று கதை அடிபட்டது. யாரோ ஒரு ஆள், பல ஊர்ப் பேரில் பெட்டிகளைச் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறார். வலைக்கு ஊரும் பேரும் மட்டும்தான் தெரியும், விலாசம் தெரியாது. சாட்சிகளை யாரும் வீடு தேடிப் போய் வெருட்டக் கூடாதென்று டினேஸ் அப்படி வைத்திருந்தான். இன்று பின்னேரம் சங்கக் கூட்டம். அதற்குள் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஸ்ரெல்லாவை அழைத்தவர் தலைவர் செல்வரட்ணம். "டினேஸைப் பாருங்கோ தங்கச்சி. வலை கட்டினவனுக்குத்தானே ஓட்டை தெரியும்," என்று ஒரு பேரையும் காதில் போட்டிருந்தார்.

விளக்குப் பலகை குளிர் அறைக்குள்தான் இருந்தது. உள்ளே நிற்பவருக்குக் கதவு திறக்குமா என்று தெரிய வேண்டுமே! அதைப் பார்க்கத்தான் இருவரும் உள்ளே வந்தார்கள். வந்தபோது இருபது விளக்குகள் எரிந்தன. 'அளவெட்டி, மீனாம்பிகை' என்ற ஒன்று மட்டும் இருட்டு. சேர்ந்த நாளிலிருந்து அது ஒரு தரமும் எரிந்ததில்லையாம்.

"அளவெட்டியெண்டால் நாதஸ்வரக்காரர் வீடாக்கும்," என்று அப்போது றிஸ்வான் சொல்லியிருந்தான். "பெட்டியையும் ஊதிப் பாத்திருப்பினம்."

இப்போது அவனுக்குப் பகிடி குறைந்துகொண்டு வந்தது. குளிர் சேர்ட்டுக்குள் புகுந்து முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணியது. மூச்சுக்குள் ஒரு மெல்லிய விசில் கேட்டது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு வருத்தம். இன்ஹேலர் வெளியே, மோட்டார் சைக்கிள் பெட்டியில் மழைக்கோட்டுக்கு அடியில் கிடந்தது.

ஸ்ரெல்லாவுக்கு அந்த விசில் கேட்டுவிட்டது. தன் சால்வையைக் கழற்றி அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். பிறகு கதவருகே இருந்த இன்டர்கொம்மின் பொத்தானை அமத்தினாள்.

"செல்வரட்ணம் அண்ணை! கேக்குதோ?"

கரகரவென்று ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து தலைவரின் குரல். "தங்கச்சி! உள்ளுக்கையோ நிக்கிறியள்? ஐயோ, பெட்டியெல்லாம் செத்துப்போச்சு. கதவு திறக்காதே!"

"ஓம், அதை நாங்களும் கண்டுபிடிச்சிட்டம். பின்னாலை என்ன சத்தம்?"

"இடி, தங்கச்சி! வானம் பிளக்குது. வடமராட்சிப் பக்கத்தாலை வந்தது, இப்ப எங்கடை தலைக்கு மேலை."

ஸ்ரெல்லா பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். சிரித்தாள். அந்த நேரத்தில் அவள் சிரித்தது றிஸ்வானுக்குக் கதவைவிடப் பயமாக இருந்தது.

"அக்கா, உங்களுக்குக் குளிர் தலைக்கு ஏறிட்டுது."

"விசரா, விளக்கை அணைச்சது ஆர் எண்டு இப்ப விளங்கேல்லையோ?"

"டினேஸ்தான். எங்கேயோ இருந்து ஊர் ஊரா வெட்டிக்கொண்டு வாறான். எங்களை இதுக்குள்ளை கருவாடு போட..."

"உன்ரை உம்மா இடி முழங்கினால் முதல்லை என்ன செய்வா?"

றிஸ்வான் வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான்.

இடி முழங்கினால் யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் வாயில் முதலில் வருவது கடவுளின் பேர் அல்ல. 'பிளக்கைக் கழட்டு!' என்பதுதான். சைவமோ கிறிஸ்தவமோ இஸ்லாமோ, இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே சமயம். ரீவி போகும், பிறிட்ஜ் போகும், வைஃபை போகும், கைத்தொலைபேசியையும் நிறுத்தித் தலையணைக்குக் கீழே தள்ளுவார்கள். அந்த வரிசையில் அரை றாத்தல் பாண் அளவுப் பெட்டியை மட்டும் யார் விட்டு வைப்பார்கள்?

"மழை கிழக்கையிருந்து நடந்து வந்திருக்குது," என்றாள் ஸ்ரெல்லா. "நெல்லியடி, அச்சுவேலி, புத்தூர், கோண்டாவில். பேந்து பாசையூர், குருநகர், கடைசியா உன்ரை உம்மா. ஒருத்தரும் எங்களுக்குத் துரோகம் செய்யேல்லை. எல்லாரும் வீட்டைக் காப்பாத்தினவை. அவ்வளவுதான்."

"நல்ல காப்பாத்தல். பெத்த பிள்ளையை ஐஸிலை வைச்சிட்டு பிறிட்ஜைக் காப்பாத்தியிருக்கிறா." சொல்லும்போதே இருமல் வந்தது. இருமி முடிய விசில் பெரிதாகியிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்ரெல்லா மறுபடி பொத்தானை அமத்தினாள். "அண்ணை, ஒரே ஒரு விளக்குத்தான் குறையுது. லூர்த்தம்மாவுக்குக் கோல் எடுத்து பிளக்கைக் குத்தச் சொல்லுங்கோ."

"எடுத்தனான். போன் ஓஃப். எல்லாற்றை போனும் ஓஃப்."

"வீடு கிட்டத்தானே? ஓடிப் போங்கோ."

"போனன் தங்கச்சி, இந்தக் கொட்டிற மழையுக்குள்ளை ஓடிப்போய்த் தட்டிப் பாத்திட்டுத்தான் வாறன். சனம் இல்லை. கதவு வெட்டிற ஆள் சுன்னாகத்திலை, மழை விட்டால்தான் வருவான். குளிர் மிஷினை நிப்பாட்டிட்டன்."

மிஷினை நிப்பாட்டி என்ன பயன்? சுற்றிவர ஆளுயரத்துக்கு ஐஸ் கட்டி. அது விடிய விடியக் குளிர் விட்டுக்கொண்டிருக்கும்.

அந்த நேரம் அறையின் வெளிச்சம் போனது. பலகையும் முழுதாய் இருண்டது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். எங்கேயோ ஒரு மோட்டர் செருமியது, வெளிச்சம் வந்தது, விளக்குகளும் வந்தன. பதின்மூன்றும் சேர்ந்து, தேவாலயப் பாடகர் குழு எழும்புவதுபோல.

"பயப்பிடாதையுங்கோ," என்றது இன்டர்கொம். "யாழ்ப்பாணம் முழுக்கக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிச்சிட்டுது. ஜெனரேட்டர் அறைச் சாவி என்னட்டை மட்டும்தான் இருக்கு, நான் பாத்துக்கொள்ளுறன். உள்ளுக்கை வெளிச்சம் போகாது."

"நன்றி அண்ணை," என்றாள் ஸ்ரெல்லா. மிக மெதுவாகச் சொன்னாள். பிறகு பலகைக்கு முன்னால் போய் நின்று, கைப்பையிலிருந்து ஒரு துண்டு பனம்பழப் பினாட்டை எடுத்து மென்றாள். அவளுக்குப் பல் அசைந்தால்தான் மூளை அசையும்.

"எரியிற பதிமூண்டிலை ஏழு சங்கத்தின்ரை. மற்ற ஆறையும் வாசி."

"பருத்தித்துறை, சாவகச்சேரி, சுன்னாகம், மானிப்பாய், பண்டத்தரிப்பு, உரும்பிராய்." ஒவ்வொரு ஊருக்கும் அவனுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது.

"நெல்லியடியிலை முழங்கினது பருத்தித்துறைக்குக் கேக்கேல்லையோ? புத்தூரிலையிருந்து கோண்டாவிலுக்கு வந்த இடி உரும்பிராயைச் சுத்தியோ வந்தது?"

றிஸ்வான் யோசித்தான். உரும்பிராயில் அவனுக்கு ஒரு சிநேகிதன் உண்டு. அவன் வீட்டில் வானம் கறுத்தாலே தாய் மெயின் சுவிச்சை அணைப்பாள். "பனங்காட்டு நரியள் போல. சலசலப்புக்கு அஞ்சேல்லை."

"நரியெண்டால் வீடு வேண்டாம். வீடெண்டால் ஒரு மனுசி இருப்பா, பிளக்கைக் கழட்டச் சொல்லிக் கத்துவா. இந்த ஆறு பெட்டிக்கும் கத்த ஆள் இல்லை. ஆறும் வீடில்லையடா."

"அப்ப கள்ளப்பெட்டி ஆறும் அகப்பட்டிட்டுது!" ஒரு கணம் குளிரை மறந்தான். அடுத்த கணம் அது நினைவுக்கு வந்தது. "அக்கா, சங்கத்தின்ரை ஏழும் அவன்ரை கையிலை எண்டால், ஏழும் ஆறும் பதிமூண்டு. அவனுக்கு இன்னும் ஒண்டு கிடைச்சால்..."

"ஓம். பதினாலு. பேந்து வீடுகள் ஓமெண்டாலும் இல்லையெண்டாலும் ஒண்டுதான். அவன் நினைச்சால் திறக்கும், அவன் நினைச்சால் பூட்டும். எங்களுக்குக் குறையிறதும் ஒண்டு, அவனுக்குக் குறையிறதும் அந்த ஒண்டுதான்."

ஸ்ரெல்லா இன்டர்கொம்முக்குத் திரும்பினாள். குரலை ஏற்றினாள். "அண்ணை, வந்த வேலை முடிஞ்சுது. ஆளைப் பிடிச்சிட்டன். நீங்கள் சொன்னது சரி. டினேஸ்தான்."

மறுபக்கம் ஒரு பெருமூச்சு. "நான் சொன்னனானே! சொன்னனானே தங்கச்சி! இண்டைக்குக் கூட்டத்திலை வீட்டுப் பெட்டியெல்லாத்தையும் கழட்டுவம். பழையபடி ஏழு போதும். கண்ட கண்ட வீட்டையெல்லாம் நம்பினால் இப்பிடித்தான், இடி முழங்க வலை படுத்திடும்."

"ஓம் அண்ணை. ஆனா கூட்டத்திலை சொல்ல நான் வெளியிலை வரவேணுமே."

"மழை விடட்டும்."

"தம்பிக்கு இழுப்பு அண்ணை. மருந்து வெளியிலை."

இன்டர்கொம்மில் மழை மட்டும் கேட்டது.

றிஸ்வான் ஐஸ் கட்டியில் சாய்ந்து, அது ஐஸ் என்று தெரிந்ததும் நிமிர்ந்து, நிற்க முடியாமல் நண்டுப் பெட்டியில் உட்கார்ந்தான். மூச்சு உள்ளே போக மறுத்தது. போனது வெளியே வர மறுத்தது. ஒரு பகிடி விட நினைத்தான். அதற்கு மூச்சைச் செலவழிக்க முடியவில்லை. உம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, யன்னல்களை மூடிவிட்டு, 'இந்த மழையுக்குள்ளை இவன் எங்கை நனையிறானோ' என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவனுக்கு அழுகை வந்தது. வெட்கப்படவில்லை.

ஸ்ரெல்லா அவனுக்கு முன்னால் முழந்தாளிட்டு முதுகைத் தேய்த்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்தபோதுதான் தன் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவனுக்கு விளங்கியது.

"மாதாவே, கொஞ்சம் பொறு தம்பி. என்னைப் பார். மெதுவா." எழும்பிப் போய்ப் பொத்தானை அமத்தினாள். இம்முறை குரலை ஏற்றவில்லை. "அண்ணை, இவனுக்கு உதடு நீலமாப் போகுது. தாய்க்கு ஒரே பிள்ளை. நான் அந்த மனுசிக்கு என்னத்தைச் சொல்ல?"

மறுபக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினார்கள். பிறகு அதுவும் இல்லை. ஸ்ரெல்லா பொத்தானை விடவில்லை. "அண்ணை? அண்ணை!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். றிஸ்வானுக்கு அவள் குரல் கிணற்றுக்கு மேலிருந்து வருவதுபோல் தூரமாகிக்கொண்டு போனது. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று பச்சைப் புள்ளி. பார்க்கப் பார்க்க அவை மங்கின, நீந்தின, திரும்ப வந்தன.

பதினான்கு.

கண் பொய் சொல்கிறது என்று நினைத்தான். கையை நீட்டிக் காட்டினான். ஸ்ரெல்லா திரும்பிப் பார்த்தாள். ஒரு நாளும் எரியாத விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அளவெட்டி, மீனாம்பிகை.

கதவுக்குள் ஏதோ 'டக்' என்றது.

அதற்குப் பிறகு நடந்தது றிஸ்வானுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். வெளிக்காற்றின் சூடு. ஸ்ரெல்லா மழைக்குள் ஓடியது. இன்ஹேலரின் கசப்பு, அந்த அருமையான கசப்பு. இரண்டு இழுவை இழுத்து, மூன்றாவது மூச்சு தானாகப் போனபோது, உலகத்திலுள்ள எல்லோரையும் மன்னிக்கலாம் போலிருந்தது.

ஆனால் ஸ்ரெல்லா மன்னிக்கிற முகத்தோடு நிற்கவில்லை. மழை சொட்டச் சொட்ட, செல்வரட்ணத்துக்கு எதிரே நின்றாள். அறுபது வயது. வெள்ளைச் சேர்ட், வெள்ளைச் சாரம், பக்குவமாய் வாரிய தலை.

"கடவுள் காப்பாத்திட்டார்," என்றார் செல்வரட்ணம். "எப்பிடியோ ஒரு பெட்டி எழும்பியிட்டுது."

"ஓம். அளவெட்டிப் பெட்டி." வெளியே வானம் இடிந்து விழுவதுபோல் ஒரு முழக்கம். அது அடங்கும் வரைக்கும் ஸ்ரெல்லா காத்திருந்தாள். "அண்ணை, இப்பிடி முழங்கேக்கை அளவெட்டியிலை எந்த வீட்டிலை பிளக்கைக் குத்துவினம்?"

செல்வரட்ணம் கூரையைப் பார்த்தார்.

"கொட்டிற மழையுக்குள்ளை லூர்த்தம்மா வீட்டுக்கு ஓடினனான் எண்டியள். மோட்டார் சைக்கிள் வரைக்கும் போய் வந்த நான் தெப்பமாய் நனைஞ்சிட்டன். உங்கடை சேர்ட்டிலை ஒரு துளி இல்லை. கையைப் பாருங்கோ, ஜெனரேட்டர்க் கிறீஸ். கரண்ட் போகேக்கை பருத்தித்துறையும் பண்டத்தரிப்பும் இந்தக் கட்டடத்தோடை சேந்து அணைஞ்சு, இந்த ஜெனரேட்டரோடை சேந்து வந்தது. கள்ளப்பெட்டி ஏழும் ஜெனரேட்டர் அறைக்குள்ளைதான், அதின்ரை சாவி உங்களிட்டை மட்டும்தான். நீங்களே சொன்னனீங்கள்."

"அப்ப டினேஸ்தான் எண்டது?"

"நீங்கள்தான் எண்டு உள்ளுக்கை இருந்து சொல்லியிருந்தால், கதவு திறந்திருக்குமோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

றிஸ்வான் வாங்கில் இருந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தலைவரா! வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. பயிரைப் பார்க்கச் சொல்லி அவர்களுக்குச் சம்பளமும் பேசியிருக்கிறது. பொய்யாய் ஏழு வீடு கட்டிய அவ்வளவு கெட்டிக்கார மனிதர், இடி முழங்கியபோது அந்த வீடுகளிலும் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

செல்வரட்ணம் மெதுவாகக் கதிரையில் இருந்தார். மறுக்கவில்லை. "நான் ஒரு நண்டும் களவெடுக்கேல்லை, தங்கச்சி," என்றார். "போன மாரியிலை வலை நிண்டு ஒரு கிழமை மீனும் அழுகினது உனக்குத் தெரியுமோ? ஆளுக்காள் பெட்டியைக் கழட்டிப்போட்டுப் படுத்திட்டினம். பொறுப்பில்லாத சனத்தை நம்பிக் கதவைக் குடுக்கிறதோ? ஒருத்தன் நிண்டு பிடிக்க வேணும். அதுக்குத்தான் செய்தன், கடைசி ஒண்டை அவசரத்துக்கெண்டு எரிக்காமல் வைச்சிருந்தன். இண்டைக்கும் அந்தப் பொய்ப்பெட்டி இல்லாட்டி இந்தப் பிள்ளை செத்திருப்பான். சொல்லு, பொய்யோ?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மைக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். வந்த வீடுகளையெல்லாம் அள்ளிச் சேர்த்து, அவை மாரியைத் தாங்குமா என்று ஒருவரும் பார்க்கவில்லை என்பதும் பிழைதானே.

பதில் வாங்கிலிருந்து வந்தது.

"தலைவர்," என்றான் றிஸ்வான். குரல் கீச்சென்றுதான் வந்தது. "நீங்கள் எவ்வளவு நேரம் யோசிச்சனீங்கள்?"

"என்ன?"

"எனக்கு இழுப்பு எண்டு அக்கா சொன்னதிலையிருந்து அளவெட்டி எரியும் வரைக்கும். பெட்டி கைக்கெட்டின தூரத்திலைதானே இருந்தது? எரிச்சால் பிடிபடுவன், எரிக்காட்டி பொடியன் போயிடுவான் எண்டு நிண்டு யோசிச்சியள். அந்த நேரம் முழுக்க நான் உள்ளுக்கை இழுத்துக்கொண்டிருந்தன்." இன்னொரு மூச்சு எடுத்தான். "என்ரை உம்மாவுக்கு நான் உள்ளுக்கை நிக்கிறது தெரிஞ்சிருந்தால், இடி தலையிலை விழுந்தாலும் குத்தியிருப்பா. அவ யோசிச்சிருக்க மாட்டா."

மழை கூரையில் அடித்தது. செல்வரட்ணம் தன் கையிலிருந்த கிறீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்து ஜெனரேட்டர் அறைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"கூட்டத்திலை நான் சொல்லவோ, நீங்கள் சொல்லுறியளோ?" என்று கேட்டாள் ஸ்ரெல்லா.

"நானே சொல்லுறன்," என்றார். சொன்ன பிறகு ஆள் இன்னும் கொஞ்சம் கிழண்டதுபோல் இருந்தது. "அந்தப் பொடியன் டினேஸிட்டையும் சொல்ல வேணும்."

"சொல்லுங்கோ. நானும் ரெண்டு கதை சொல்லுவன். வீடுகளைக் கழட்ட வேண்டாம், இன்னும் சேப்பம். ஆனா புதுப்பெட்டி ஒவ்வொண்டும் பற்றரியோடை ஒரு மாரி முழுக்க நிண்டு காட்டட்டும். பேந்து கதவை அதுகளின்ரை கையிலை குடுப்பம். ஒரு கூரைக்குக் கீழை மூண்டிலை ஒரு பங்குக்கு மேலை ஒருத்தரும் வைக்கக் கூடாது, சங்கமும்தான்." எழும்பிய ஸ்ரெல்லா, குளிர் அறைக் கதவின் இரண்டு ஆணித் துளைகளையும் விரலால் தொட்டாள். "அதுக்கு முதல், உந்தப் பிடியைத் திருப்பிப் பொருத்துங்கோ. இண்டைக்கே."

மழை வெளித்து, கரண்டும் திரும்பி வந்தபோது றிஸ்வானின் தொலைபேசி அடித்தது. உம்மா.

"எங்கையடா நிக்கிறாய்? நனைஞ்சியோ?"

"இல்லை உம்மா. உள்ளுக்கைதான் நிண்டனான்."

"நல்லது. குரல் என்ன ஒரு மாதிரி? குளிரிலை நிண்டியோ?"

ஸ்ரெல்லா அவனைப் பார்த்தாள். அவன் வாயில் ஒன்பது பகிடி வந்து வரிசையில் நின்றது. பெட்டியைப் பற்றி, பிறிட்ஜைப் பற்றி, கருவாட்டைப் பற்றி. ஒன்றையும் விடவில்லை.

"கொஞ்சம். பெட்டியைத் திருப்பிக் குத்தினீங்களோ?"

"அட, மறந்திட்டன். இரு." கதிரை இழுபடும் சத்தம், செருப்புச் சத்தம். "குத்தியிட்டன். ஏன், ஆரும் தேடினவையோ?"

றிஸ்வான் கழுத்திலிருந்த சால்வையை இறுக்கிக்கொண்டு, திறந்து கிடந்த கதவு வழியாகப் பலகையைப் பார்த்தான். சோனகதெரு எரிந்துகொண்டிருந்தது.

"ஓம் உம்மா," என்றான். "ஒருத்தன் தேடினவன்."